மேற்கு மாம்பலம் கொல்லையில் செண்பகம் வருமா?

மாம்பலத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்களுடையது பழைய தனி வீடு, மாடி கிடையாது. கொல்லை கிழக்கு மேற்காக 18 அடி, வடக்கு தெற்காக 14 அடி. வடக்கே வீடு. மேற்கிலும் தெற்கிலும் மூன்று மாடி ஃபிளாட்டுகள் வந்துவிட்டன. கிழக்கே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடுதான், அதனால் காலை வெயில் தாராளமாக விழும். மதியம் ஒரு மணி தாண்டினால் மேற்கு ஃபிளாட்டின் நிழல் வந்துவிடும். காற்று என்று ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. துணி காய நேரமாகிறது, ஆனால் 2016 வர்தா புயலில் எங்கள் கொல்லையில் ஒரு பூந்தொட்டி கூடச் சாயவில்லை.

அங்கே நின்ற முருங்கையைக் கம்பளிப்பூச்சித் தொல்லை தாங்காமல் எடுத்துவிட்டோம். இப்போது சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் பால்கனியில் காயும் லுங்கிதான் தரிசனம். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரம் வேண்டும், கோடையில் பூத்தால் இன்னும் நல்லது. மாமியாருக்குத் தென்காசி. செண்பகத்தைத் தவிர வேறு பெயரைக் காதில் வாங்க மாட்டேன் என்கிறார். வீட்டுக்காரர் மகிழமரம் வைக்கலாம் என்கிறார். நடுவில் நான்.

செண்பகம் நம் ஊர் கத்திரி வெயிலைத் தாங்குமா? 2021 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கொல்லையிலும் நின்றது. அதற்கு என்ன செய்வது? விதையா, ஒட்டா? எதிர்வீட்டு மாமி வேறு, செண்பக வாசனைக்குப் பாம்பு வரும் என்று பயமுறுத்துகிறார்.


திருவான்மியூர் உப்புக்காற்று:

வேண்டாம் சகோதரி. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. ஆசையாக வைத்த செண்பகத்தில் கடலைப் பார்த்த பக்கத்து இலை அத்தனையும் ஓரம் கருகி, கொழுந்து விடுவதும் காய்வதுமாகவே இருந்தது. எடுத்துவிட்டுப் புன்னை வைத்தேன். புன்னை கடற்கரைக்கென்றே பிறந்த மரம், மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுதான். உப்பு, மணல், புயல் எதற்கும் அசையாது. ஆனால் நன்றாக விரியும், உங்கள் 14 அடிக்குள் அடங்காது. வீட்டுக்காரர் சொல்கிற மகிழமே உங்களுக்குச் சரி. நாகலிங்கம் வைக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், அந்தக் காய் ஒன்று தலையில் விழுந்தால் போதும்.


ஐசிஎஃப் தாத்தா:

மருமகளே என்றே கூப்பிடுகிறேன், நீங்களே வைத்துக்கொண்ட பெயர்தானே. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒட்டுச் செண்பகம் நிற்கிறது, இப்போது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம். நான் ஃபேக்டரியில் இருந்த காலத்தில் வைத்தது. அதோடு பழகியதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் கொல்லை செண்பகத்துக்கு நல்ல இடம். எனக்குச் சந்தேகமெல்லாம் மண்ணின் மேல்தான்.

திருவான்மியூர்க்காரர் சொன்னது அவர் தெருவுக்குச் சரி. செண்பகம் மலைக்காட்டு மரம், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலை அடிவாரத்திலும் தானாக வளர்வது. உங்கள் மாமியாரைக் கேளுங்கள், குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறியிருப்பார். அந்த ஈரமும் சாரலும்தான் அதற்குப் பிறந்த வீடு. சென்னையில் அதற்கு எதிரி இரண்டு காற்று. ஒன்று கடலிலிருந்து வரும் உப்புக்காற்று. மாம்பலம் கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். இன்னொன்று வைகாசியில் மேற்கேயிருந்து அடிக்கிற அனல்காற்று. கடற்காற்று பன்னிரண்டு மணிக்குள் உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குத் தப்பித்தோம். மூன்று மணி வரை வராத நாளில்தான் நுங்கம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டியது என்று செய்தியில் சொல்வார்கள், செண்பகத்தின் இளம் இலை சுருள்வதும் அன்றைக்குத்தான். உங்களுக்கு மேற்கே மூன்று மாடிச் சுவர் நிற்கிறது. லுங்கியைத் திட்டாதீர்கள், அந்த ஃபிளாட்டுதான் உங்கள் மரத்துக்குக் குடை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் ஏசி அவுட்டோர் யூனிட் எதுவும் கொல்லையைப் பார்த்து மாட்டியிருக்கிறதா? இருந்தால் அதன் மூச்சு படாத இடமாகப் பாருங்கள். அனல்காற்றைச் சுவர் தடுத்து என்ன, ராத்திரி முழுக்க மெஷின் ஊதினால் அதே கதைதான்.

வெயில் போதுமா என்று கேட்பீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், ஆகஸ்ட் நடு வரை உச்சிக்குக் கொஞ்சம் வடக்கேதான் போகும். அதனால் தெற்கே எத்தனை மாடி இருந்தாலும் கோடையில் உங்கள் மரத்தின் உச்சி வெயிலை மறைக்க முடியாது. மார்கழியில் மறைக்கும், கொல்லை முழுக்க நிழலாகிவிடும். பரவாயில்லை, அப்போது அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. எங்கள் மரம் சித்திரை வைகாசியில் ஒரு சுற்றுப் பூக்கும், புரட்டாசியை ஒட்டி இன்னொரு சுற்று. காலையிலிருந்து ஒரு மணி வரை வெயில் கிடைத்தால் பூவுக்கு அது போதும். முடிந்த அளவு வடகிழக்குப் பக்கமாக வையுங்கள், இரண்டு ஃபிளாட்டுக்கும் தள்ளி இருக்கும்.

இப்போது மண்ணுக்கு வருவோம். தி.நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம், எங்கள் பெரம்பூர்ப் பக்கம் எல்லாமே களிமண். செண்பகத்துக்கு வேரில் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். வெயிலில் செத்த செண்பகத்தை விட ஐப்பசி கார்த்திகையில் செத்த செண்பகம்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இலை தொங்கும், தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், கதை முடிந்தது.

வழக்கமாகச் சொல்கிற மூன்றடிக் குழியை வெட்டாதீர்கள். களிமண்ணில் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பினால், சுற்றியிருக்கிற தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள்தான் வந்து தங்கும். முதலில் ஒன்றரை அடி தோண்டி, வாளியால் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தோண்டும்போது செங்கல் ஜல்லி, சிமெண்டுக் காரை கிடைத்தால் அதையும் சொல்லுங்கள். பழைய மாம்பலம் வீடுகளில் கொல்லை என்பது பாதி கட்டட இடிபாடுதான். சுண்ணாம்பு கலந்த மண்ணில் செண்பகத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது, கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிற வீடுகள் நிறைய. செண்பகத்துக்கு அது ஆகவே ஆகாது, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உங்கள் போர் தண்ணீரும் கடினமாக இருந்தால் மெட்ரோ தண்ணீர் கொடுங்கள். அதைவிட நல்லது ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பே கிடையாது. கோடையில் ஏசி ஓடும், கோடையில்தான் மரத்துக்கும் தாகம். குழாய்க்கடியில் ஒரு பக்கெட் வையுங்கள்.

பாம்பு பூவை மோந்து பார்க்க வருவதில்லை. எலி இருந்தால் வரும், எலி ஒளிய இடம் இருந்தால் வரும். கொல்லையில் பழைய மரச்சாமான், ஓடு, தேங்காய் மட்டை குவித்து வைக்காமல் இருந்தால் எதிர்வீட்டு மாமி நிம்மதியாகத் தூங்கலாம்.

மகிழத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் தலமரம். சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அதன் அடியில்தான், மாசியில் மகிழடி சேவை இன்றைக்கும் நடக்கிறது. சத்தியத்தை அவர் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். மகிழம்பூ முறுக்கின் குறுக்குவெட்டு எப்படியோ அப்படியே இருக்கும் பூவும், விடியலில் தானே உதிர்ந்து கிடக்கும், காய்ந்த பிறகும் மணக்கும். வெள்ளம், வறட்சி, புயல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிற்கும். ஆனால் வளர்வதில் அத்தனை சோம்பேறி. லுங்கியை மறைக்க உங்கள் பிள்ளைகள் காலேஜ் போகிற வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் சோதனையில் உங்கள் கொல்லை தோற்று, செண்பகத்துக்காக மண்ணை மேடாகக் கட்டவும் மனமில்லை என்றால், வீட்டுக்காரர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.


வண்டலூர் நர்சரிப் பையன்:

தாத்தா மண்ணைச் சொல்லிவிட்டார், நான் கன்றைச் சொல்கிறேன். விதைக்கன்று வாங்காதீர்கள் அக்கா. பூக்க எட்டு, பத்து வருடம் ஆகும். நீங்களே விதை போடலாம் என்றாலும், அந்தச் சிவப்புச் சதையை எடுத்துவிட்டுப் பழம் வெடித்த சூட்டோடு விதைக்க வேண்டும், எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு மூன்று வருடத்தில் பூ பார்க்கலாம். சில கன்று பைக்குள்ளேயே மொட்டு வைத்திருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், நட்ட முதல் வருடம் மொட்டைக் கிள்ளி விடுங்கள்.

வாங்கும்போது ஒட்டுக் கட்டிய இடம் தெரிகிறதா பாருங்கள், அதற்குக் கீழே கிளைக்கிற துளிரை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். விட்டால் கீழிருந்து வருவதுதான் மரமாகும், மேலே உள்ளது சோர்ந்துவிடும். சென்னை நர்சரிகளுக்கு நிறையக் கன்று ஆந்திரா கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. வேரைச் சுற்றிக் கோதாவரிக் களிமண்ணை உருட்டிக் கட்டியிருப்பார்கள். அது காய்ந்தால் தண்ணீரே உள்ளே இறங்காது. நடுவதற்கு முன் பக்கெட் தண்ணீரில் ஊற வைத்து, வெளிப்பக்கக் களியைக் கையாலேயே மெதுவாகக் கரைத்து விடுங்கள். உள்ளே வேர் பின்னியிருக்கிற பகுதியை உடைக்க வேண்டாம்.

வெள்ளைச் செண்பகமும் கிடைக்கும், பூ ஒல்லியாக, தந்த நிறத்தில் இருக்கும். அது கலப்பினம், பெரும்பாலும் விதை பிடிக்காது. வாசனை அதுவும் தூக்கும். மாமியார் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.


மாம்பலத்து மருமகள்:

வெள்ளைச் செண்பகம் என்ற பேச்சை எடுத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதை விட்டுவிடலாம்.

தாத்தா, தோண்டிப் பார்த்தோம். ஒரு அடிக்குள்ளேயே செங்கல், மொசைக் துண்டு, ஒரு பித்தளைக் குழாய்த் தலை எல்லாம் வந்தது. அதற்குக் கீழே கறுப்புக் களி. இரண்டாம் தடவை சாயங்காலம் தண்ணீர் ஊற்றினோம், காலையில் பார்த்தால் பாதி அப்படியே நிற்கிறது. ஏசி அவுட்டோர் மேற்குச் சுவரில் இரண்டாம் மாடியில் ஒன்றுதான், தென்மேற்கு மூலையைப் பார்த்து ஊதுகிறது.

வடகிழக்கில்தான் துவைக்கிற கல் இருக்கிறது. அதை நகர்த்தலாமா என்று கேட்டேன், மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிற கல்லாம். கல்லுக்கும் செண்பகத்துக்கும் நடுவில் எதை விட்டுக்கொடுப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறார். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சாக்கடைக் குழாய் மேற்குச் சுவரை ஒட்டிப் போகிறது, சம்ப் வாசல் பக்கம்.


ஐசிஎஃப் தாத்தா:

கல்லை நகர்த்த வேண்டாம். சோப்புத் தண்ணீர் மட்டும் மரத்துப் பக்கம் ஓடாமல் ஒரு சின்ன சிமெண்டு வரப்புக் கட்டிவிடுங்கள். கல்லுக்குத் தெற்கே, கிழக்குச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி இடம் கிடைக்கும் அல்லவா, அங்கே வையுங்கள். சாக்கடைக் குழாய் பத்தடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். ஆலம், அரசு மாதிரி சுவரைப் பிளக்கிற வேர் இதற்கு இல்லை, ஆனாலும் கசிகிற குழாயைக் கண்டால் எந்த வேரும் சும்மா இருக்காது.

தண்ணீர் நிற்கிறது என்றால் மேடுதான் வழி. இடிபாட்டை ஒரு அடி ஆழத்துக்கு, நான்கைந்து அடி அகலத்துக்கு அள்ளி வெளியே போடுங்கள். களியைக் கடப்பாரையால் கிளறி மட்டும் விடுங்கள். அதன் மேல் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல்லை வட்டமாக அடுக்கி, செம்மண், மக்கிய தொழு உரம், இலை மட்கு கலந்து நிரப்புங்கள். செங்கல்லைச் சிமெண்டு பூசி மூட வேண்டாம், இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். 2021 மாதிரி மழை வந்தாலும் மேல் வேராவது மூச்சு விடும், பிழைத்துக்கொள்ளும்.

டிரம் வேண்டாம் என்பேன். கொஞ்ச நாள் வரும், பூக்கவும் பூக்கும். பிறகு சித்திரையில் காலை ஒருவேளை, மாலை ஒருவேளை தண்ணீர் கேட்கும், நீங்கள் ஒரு வாரம் தென்காசி போய்விட்டு வந்தால் குச்சிதான் மிச்சம். ஜன்னலை மறைக்கிற அளவுக்கு அதில் வளரவும் வளராது.

மேட்டில் வைத்த செடி சீக்கிரம் காயும், அதனால் மூடாக்கு கட்டாயம். காய்ந்த இலை, தென்னை நார் எதுவானாலும் சரி, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள். முதல் கோடையில் உச்சி வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியை நாலு குச்சியில் கட்டிவிடுங்கள், அடுத்த வருடத்திலிருந்து தேவைப்படாது. கொழுந்து மஞ்சளானால் இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்), லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சைச் சாறு சில சொட்டு, சாயங்காலத்தில் இலை மேல் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல். குண்டான பச்சைப் புழு இளம் இலையைத் தின்றால் விட்டுவிடுங்கள், பச்சைப் புள்ளி போட்ட வால் வண்ணத்துப்பூச்சியாகப் போகும். கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்காது, பயப்பட வேண்டாம்.

காட்டில் நூறடி போகிற மரம் இது. பன்னிரண்டு, பதினைந்து அடியில் நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும் நுனியை மட்டும் கிள்ளி வாருங்கள். விட்டுவிட்டு ஒரே நாளில் பாதி மரத்தை வெட்டுகிற வேலை செண்பகத்திடம் செல்லாது, கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காது. அப்புறம், வருடம் முழுக்கப் பச்சை என்றாலும் மாசி பங்குனியில் பழைய இலை நிறையக் கொட்டும், பெரிய இலை. பெருக்குவது யார் என்பதை இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

ஆடி முதல் வாரத்தில் நட்டால் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.


வண்டலூர் நர்சரிப் பையன்:

தாத்தாவோடு இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். களிமண் கொல்லைக்கு நான் தை மாதம்தான் சொல்வேன், மழையெல்லாம் முடிந்த பிறகு.


ஐசிஎஃப் தாத்தா:

தையில் நட்டால் மூன்று மாதத்தில் கத்திரி வந்துவிடும் தம்பி. மேடு கட்டியாயிற்று, மழைக்கு என்ன பயம்?


மாம்பலத்து மருமகள்:

ஆடியே வைத்துக்கொள்கிறோம். ஆடியில் நல்ல காரியம் செய்யலாமா என்று கேட்டதற்கு, மரம் வைப்பதற்கு அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். கொத்தனாரிடம் வரப்புக்குச் சொல்லியாயிற்று. பெருக்குவது வீட்டுக்காரர்.